இரண்டு சாவி

பெட்டக அறைக்கு இரண்டு சாவி.
ஒன்று மேலாளர் சவரிராஜின் இடுப்பில்.
மற்றொன்று,
உதவி மேலாளர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால்,
சேர்ந்து பன்னிரண்டே நாளான
என் கழுத்துக் கயிற்றில்.

தேவகோட்டைக் கிளை. நகைக்கடன்.
நேர்முகத் தேர்விலேயே பெயரைக் கேட்டுச் சிரித்தார்:
"சொர்ணவல்லியா? அப்பத் தங்கம் உரசத் தெரிஞ்சிருக்குமே."
காளையார்கோவில் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு
இந்தப் பெயர்தான் சார்,
நாலு பேரையும் சேர்த்து உரசினாலும் ஒரு பவுன் தேறாது
என்று சொல்ல வந்ததை விழுங்கினேன்.
வேலை வேண்டுமே.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம்
கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுடும் அழகம்மை
சிவப்புக்கல் அட்டிகையோடு வந்தார்.
ஆயிரம் அதிரசம், பத்துக் கிலோ மனகோலம்,
ஆர்டர் கையில் இருக்கிறது, எண்ணெய்க்குக் காசு இல்லை.
மின்விசிறியை நிறுத்தித் தராசில் வைத்தோம்.
முப்பத்தெட்டு கிராமும் கொஞ்சமும்.
கல்லுக்குக் கழிவு அஞ்சு, என்றார் அவர்.
மூணுதான் சார் வரும், என்றேன் நான்.

அழகம்மை முன்னால்.
காசாளர் முன்னால்.
டீத் தட்டோடு நின்ற பையன் முன்னால்.

"சீட்டுல கையெழுத்துப் போடப்போறது நானா, நீயா?"
விசிறியை யாரும் இன்னும் போட்டிருக்கவில்லை.
அதனால் அது எல்லோருக்கும் கேட்டது.

அஞ்சு என்றே எழுதினார்.
இரண்டு கிராம் என்பது ஐந்து டின் எண்ணெய்.
குறைந்த பணத்தை எண்ணி முடிந்துகொண்ட அழகம்மை
போகிறபோது என்னிடம் சொன்னார்:
"பரவால்லத்தா."
அதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது, அவர் கத்தியதல்ல.

பேருந்தில் மூன்று காட்சி யோசித்தேன்.
ஒன்றில் நான் அழுதேன்.
ஒன்றில் அவர்.
மூன்றாவதில் ராஜினாமாக் கடிதம், சந்திப்பிழை இல்லாத தமிழில்.
ஊர் வருவதற்குள் மூன்றும் ஊசிப்போய்விட்டன.
கணக்கை நான் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
ஆனால் தனியே சொல்லியிருந்தால்
அழகம்மைக்குத் தெரிந்திருக்குமா?
இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

காலை ஒன்பது இருபத்தைந்து.
பேச்சு இல்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்,
இரண்டு சாவியும் ஒன்றாகத் திரும்பினால்தான் கதவு.
என்னுடையது சிக்கியது.
"இடப்பக்கம்," என்றார். அவ்வளவுதான்.

கதவு திறந்த அந்தக் குளிரில், முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்:
"ஆள் முன்னால எதிர்த்துச் சொன்னது தப்பு சார்.
கணக்கு தப்பில்லை."

ரொம்ப நேரம் பதில் வரவில்லை.
பிறகு, பெட்டகத்தைப் பார்த்தபடி:
"காரைக்குடியில இருந்தப்ப இதே மாதிரி ஒரு அட்டிகை.
கல்லுக்குக் கீழே பூரா அரக்கு.
தணிக்கையில பிடிச்சு
பதினோரு மாசம் என் சம்பளத்துல கழிச்சாங்க."

அரக்கைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
அதையும் சொன்னேன்.
"ஆனா சார், இதுல பின்பக்கம் திறப்பு.
கல்லுக்கு அடியில வெளிச்சம் வருது. அரக்கு இல்லை."

"பாத்தியா?"
"பாத்தேன்."
"நான் பாக்கலை," என்றார்,
மன்னிப்பு மாதிரி அல்ல,
விடுபட்ட ஒரு பதிவைக் குறித்துக்கொள்வது மாதிரி.

உறையை உடைக்க அழகம்மை வர வேண்டும்.
"நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.
அடித்தேன். எடுத்ததும் அந்தப் பக்கம்
சட்டியில் எதுவோ பொரியும் சத்தம்.
"எண்ணெய் காஞ்சுட்டு இருக்குத்தா,
நாளைக்கு வந்தா ஆகாதா?"

சாயங்காலம் பூட்டும்போது மறுபடி பக்கத்தில் நின்றோம்.
நாளைக்கு அவர் நாலு என்பார் என்று தோன்றுகிறது.
நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.
விசிறியை மட்டும்
அட்டிகையை எடுத்ததுமே போட்டுவிட வேண்டும்.